பென்சிலில் வந்த தீர்ப்பு

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்த மன்றச் செயலாளர் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண்.

"அக்கா, நடுவர் மன்றங்களைச் சீர்திருத்தப் போறாங்களாம். குழு ஒண்ணு பினாங்குக்கு வருது. பழைய ஆளுங்கள்ல ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசணுமாம். ஒங்க பேரக் குடுத்துட்டேன்."

"என்னத்தப் பேசறது?"

"அனுபவம்தான்க்கா. நல்லதா நாலு வார்த்த."

நல்லதா. அந்த ஒரு சொல் அன்று முழுக்க என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சோறு வடித்தேன், முள் நின்றது. துணி காயப்போட்டேன், முள் நின்றது. கடைசியில் கவிதாவே மறுபடி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஒண்ணு கேக்கவா? அந்தக் காலத்துல தீர்ப்பு எல்லாம் படிக்கிறதுக்கு முன்னால கீழ் மாடிக்குப் போய்ட்டு வருமாமே, நெசமா?"

நிஜம்தான் கவிதா. போய்விட்டு வரும். கொண்டுபோனவள் நான். ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மன்றத்தின் பெயர் இங்கே வேண்டாம். லாரி, பஸ், டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர்களின் உரிமத்தைத் துறை ரத்து செய்தால், "இது அநியாயம்" என்று முறையிட அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அது. ஜார்ஜ்டவுனில், கடல் காற்று பட்டுப் பட்டு ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிய ஒரு கட்டடம். மூன்றாவது மாடியில் நாங்கள். இரண்டாவது மாடியில் துறையின் சட்டப் பிரிவு. எந்தத் துறை? யாருடைய முடிவை எதிர்த்து மக்கள் எங்களிடம் வந்தார்களோ, அதே துறை. எங்கள் மேசை அவர்களுடையது. எங்கள் மின்விசிறி அவர்களுடையது. எங்கள் காகிதத்தின் மூலையில் அவர்களுடைய சின்னம். மன்றத் தலைவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நியமிக்கும் கடிதம் தலைநகரத்திலிருந்து வரும். ஆனால் "இவரைத் தொடரலாம்" என்கிற பரிந்துரை கீழ் மாடியிலிருந்துதான் போகும். பந்தயத்தில் ஓடுகிறவனே நடுவருக்குச் சோறு போடுகிற ஏற்பாடு. அதற்குள் நின்றுகொண்டு முப்பத்து மூன்று வருடம் நான் "நீதி" என்ற சொல்லைத் தட்டச்சு செய்தேன்.

இருபத்திரண்டு வயதில் எழுத்தராகச் சேர்ந்தேன். தட்டச்சு, மலாய்ப் பரீட்சை, கோப்பு அடுக்குவது, முத்திரை குத்துவது, தமிழில் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பது. பதினேழு வருடத்தில் செயலாளர். என் வேலைக் கல்வி அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒரு பச்சைக் கோப்பு சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பச்சைக் கோப்பைக் கண்டுபிடித்தவள் நான். இதை யாரும் என்மேல் சுமத்தவில்லை, நானே சொல்கிறேன். நான் செயலாளரான புதிதில், எங்கள் தீர்ப்பு ஒன்றில் சட்டப்பிரிவின் எண் தவறாக விழுந்து, மேலே போய் அவமானமாகித் திரும்பி வந்தது. அப்போதைய தலைவருக்கு மலாய் அவ்வளவாக ஓடாது. புதுப் பதவி, புதுப் பெருமை, புதுச் சேலை. நான் ஒரு யோசனை சொன்னேன். தீர்ப்பின் வரைவைக் கீழ் மாடிச் சட்டப் பிரிவுக்கு அனுப்பி மொழியும் எண்களும் சரிபார்த்து வாங்கினால் என்ன? எல்லோரும் தலையாட்டினார்கள். கீழ் மாடிக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்கள். நானே உட்கார்ந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை எழுதினேன். வரைவு பச்சைக் கோப்பில் போகும். சரிபார்ப்பவர் ஓரத்தில் பென்சிலில் மட்டும் எழுதுவார். நான் திருத்தித் தட்டச்சு செய்வேன். பிறகு பென்சில் குறிப்புகளை அழித்து, கோப்பைச் சுத்தமாகப் பூட்டிவைப்பேன். சுத்தம்! எவ்வளவு பிடித்தது எனக்கு அந்தச் சொல்.

ஒவ்வொரு புதன்கிழமையும் இருபத்திரண்டு படி இறங்கினேன். முதல் வருடங்களில் ஓரத்தில் வந்ததெல்லாம் கால்புள்ளியும் எண்ணும். பிறகு "இந்தச் சொல் சற்றுக் கடுமை." பிறகு "இந்த வாக்கியம் தேவையா?" பிறகு கேள்விக்குறிகூட இல்லாமல் ஒரு வாக்கியத்தின் மேல் மெல்லிய கோடு. வெயில் சுவரில் நகர்வதுபோல் நகர்ந்தது அது. எந்த நாளில் எந்தக் கோட்டைத் தாண்டியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்த்துக்கொண்டே அழித்தேன். வெள்ளை அழிப்பான், ஓரம் தேய்ந்த சின்னத் தூரிகை. காகிதத்தின் மேல் விழுந்த கருப்புத் துகளைத் தூரிகையால் ஒதுக்கிக் குப்பைக்கூடையில் தட்டிவிடுவேன். யாரோ ஒருவனுடைய உரிமம், யாரோ ஒருத்தியுடைய மானம், அந்தத் துகளில் எவ்வளவு இருந்ததோ. பதினாலு வருடத் துகள்.

பிறகு சிவநேசன் சார் தலைவராக வந்தார்.

புக்கிட் மெர்தாஜாமில் பல வருடம் வழக்கறிஞராக இருந்தவர். ஒல்லி, நல்ல உயரம். வந்த முதல் நாளே விசாரணை அறையில் துறை அதிகாரிக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலியை வெளியே தூக்கிப்போடச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மர நாற்காலி. முறையிட வந்தவர் உள்ளே நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். மன்றத் தலைவர் எழுந்து நிற்பதை அதற்குமுன் நான் கண்டதில்லை, லாரி ஓட்டுநர்களும் கண்டதில்லை. மிரண்டுபோய்க் கதவருகிலேயே நின்றுவிடுவார்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைப்பார்.

"ஏன் சார் கவுத்து வைக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேசுறவன் என் கண்ணைப் பாக்கணும் தேவி. நான் எத்தன தடவ மணி பாக்கிறேன்னு எண்ணிக்கிட்டு இருக்கக்கூடாது."

அவருக்குத் தமிழ் தாய்மொழி. ஆனாலும் முறையிட வந்தவர் தமிழில் பேசினால், நான் மலாயில் மொழிபெயர்த்து முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். பதிவு மலாயில் இருக்கிறது. பதிவில் ஏறாததை நான் கேட்கவில்லை என்பார். அப்படிப்பட்டவர். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது. அந்த மரியாதை வருவதால்தான் கோபமும் வருகிறது.

பச்சைக் கோப்பைப் பற்றி அவரும் கேட்டார். "மொழி சரிபார்க்கத்தான் சார்" என்றேன். "நல்லது" என்றார். அவ்வளவுதான். நல்ல மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். அதிலும் இரண்டு வருடத்துக்கு ஒரு கடிதத்தை எதிர்பார்க்கிற நல்ல மனிதர்கள் இன்னும் கொஞ்சம் சுலபமாக நம்பிவிடுகிறார்கள்.

செல்வியின் வழக்கு அவருடைய இரண்டாவது தவணை முடியப்போகிற நேரத்தில் வந்தது.

செல்வி பைராம் தோட்டத்துப் பெண். நாற்பதைத் தாண்டிய வயது, அகன்ற தோள், உரத்த சிரிப்பு. நிபோங் திபாலிலிருந்து பிறைக்குக் கிலாங் பஸ் ஓட்டினாள். தொழிற்சாலை வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்குகிற பஸ். ஒரு காலை, பிறை மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக நின்றிருந்தன. செல்வி பஸ்ஸை இடப்பக்கம் ஒடித்து வாய்க்காலில் இறக்கிவிட்டாள். மூன்று பேருக்குக் கை முறிந்தது. ஓர் உயிரும் போகவில்லை. "கவனக்குறைவாக ஓட்டினார்" என்று துறை அவளுடைய தொழில்முறை உரிமத்தை ரத்து செய்தது.

துறையின் அறிக்கை சொன்னது: விபத்துக்கு ஒன்பது நாள் முன்னால் காலை பத்து மணிக்கு அந்த பஸ் துறையின் பரிசோதனை நிலையத்துக்கு வந்தது, பிரேக் சோதிக்கப்பட்டது, தேறியது. ஆகவே வண்டியில் குறையில்லை. குறை பெண்ணிடம்.

செல்வி ஒரு சாட்சியைக் கூட்டிவந்தாள். புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருக்கும் ஆ லியோங். அரைக்கால் சிலுவார், சிலிப்பர், கக்கத்தில் எண்ணெய் ஊறிய ஒரு நாட்குறிப்புப் புத்தகம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். துறை பரிசோதித்ததாகச் சொன்ன அதே நாள், காலை எட்டிலிருந்து மாலைவரை, அந்த பஸ் அவர் பட்டறையில் பின்சக்கரங்கள் கழற்றப்பட்டு ஜாக்கியின் மேல் நின்றிருந்தது. கீழே இன்னொரு வரி: பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்றச் சொன்னேன், பஸ் முதலாளி அப்புறம் என்றார்.

துறை அதிகாரி எழுந்து, பஸ் நடுவில் போய்விட்டு வந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார்.

ஆ லியோங் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "சக்கரம் இல்லாம ஓடுற பஸ் இருந்தா காட்டச் சொல்லுங்க துவான், நானே வாங்கிக்கிறேன்."

அறை சிரித்தது. சிவநேசன் சார் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம், ஒவ்வொன்றாக விரல் வைத்துப் புரட்டினார். இடையில் எழுதிச் செருகியதா என்று பார்த்தார். மையைப் பார்த்தார். தையலைப் பார்த்தார். இரண்டு மணி நேரம். கடிகாரம் கவிழ்ந்தே கிடந்தது. செல்வி அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

அந்த வாரம் அவர் எழுதிய வரைவு என் கையில் வந்தது. பதினாலாம் பத்தியிலிருந்து பதினேழாம் பத்திவரை ஒரு வெட்டுக்கத்தி. அன்று பரிசோதனை நிலையத்துக்குப் பஸ் போகவில்லை, தாள் மட்டும் போயிருக்கிறது என்று எழுதியிருந்தார். முறையீடு ஏற்கப்படுகிறது, உரிமம் திருப்பித் தரப்பட வேண்டும். நான் தட்டச்சு செய்தேன். எங்கள் மூன்றாவது மாடிக்கு அன்று ஒரு கூரை முளைத்தமாதிரி இருந்தது.

புதன்கிழமை. பச்சைக் கோப்பு. இருபத்திரண்டு படி. பழக்கம் என்பது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் பாருங்கள். துறையே தப்புச் செய்தது என்று சொல்கிற தீர்ப்பை, துறையின் மேசையில் கொண்டுபோய் நானே வைத்தேன். வைத்துவிட்டு, "சீக்கிரம் குடுங்க தம்பி" என்றும் சொன்னேன்.

சட்டப் பிரிவில் இருந்தது மோகன். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருவான், என் மோட்டார் சைக்கிள் பழுதானால் வீட்டில் இறக்கிவிடுவான். வழக்கமாக நான்தான் போய்க் கோப்பை வாங்கிவருவேன். அந்த முறை அவனே படியேறி வந்தான்.

"அக்கா, இந்தத் தடவ கொஞ்சம் கூடுதல். கோவிச்சுக்காதீங்க."

"எவ்வளவு?"

"நாலு பத்திதான் லா. மத்ததெல்லாம் சூப்பர். சாரோட மலாய் இப்ப என்ன அழகா வருது!"

திறந்து பார்த்தேன். பதினாலிலிருந்து பதினேழுவரை பென்சிலில் பெருக்கல் குறி. ஓரத்தில் அவனுடைய உருண்டைக் கையெழுத்தில் மாற்றுப் பத்தி: வண்டியை அன்றாடம் சோதிப்பது ஓட்டுநரின் பொறுப்பு, பட்டறைக் குறிப்பு உறுதிசெய்யப்படாதது, முறையீடு தள்ளுபடி.

"இந்த நாலையும் எடுத்துட்டா தீர்ப்புல என்னடா தம்பி மிச்சம்?"

"தேதி இருக்கு, பேரு இருக்கு, முத்திர இருக்கு. போதாதா?" சிரித்தான். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "சார் தொடரலாம்ங்கிற பரிந்துரைக் கடிதம் எங்க பாஸ் மேசைலதான் இருக்குக்கா. கையெழுத்துதான் பாக்கி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவருக்கே தெரியும்" என்றான்.

மிரட்டும்போதுகூட அவன் குரல் உயரவில்லை. முறுக்கு நீட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டுப் போனான்.

சிவநேசன் சாரின் மேசையில் கோப்பை வைத்தேன். படித்தார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்துச் சீவினார். கூராகத்தான் இருந்தது, ஆனாலும் சீவினார். சுருள் சுருளாக விழுந்தது. அடுத்த பென்சில். அதற்கடுத்தது. அரை மணி நேரம் நான் நின்றேன்.

"டைப் பண்ணிரு தேவி."

"சார், பத்தி பதினாலு..."

"டைப் பண்ணிருன்னு சொன்னேன்." பிறகு, என்னைப் பார்க்காமல்: "ஆறு மாசம் கழிச்சு அந்தம்மா மறுபடி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதுக்கு வழி வச்சு ஒரு வரி சேத்துரு."

ஒரு வரி. நாலு பத்திக்குப் பதில் ஒரு வரி.

தட்டச்சு செய்தேன். ஆம், செய்தேன். வேலையை உதறிவிட்டு வெளியே நடந்தேன் என்று எழுத ஆசைதான், அது நடக்கவில்லை. அச்செடுத்தேன். பிறகு என் கை, பதினாலு வருடம் பழகிய கை, தானாக அழிப்பானை எடுத்தது. மோகனின் முதல் வரியை அழித்துவிட்டது. துகளைத் தூரிகையால் ஒதுக்கினேன். இரண்டாவது வரியில் கை நின்றது. ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆ லியோங்கின் எண்ணெய் விரல் நினைவுக்கு வந்திருக்கலாம். அழிப்பானை மேசைக்குள் போட்டேன். மீதிப் பென்சிலை அப்படியே விட்டு, பச்சைக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

தீர்ப்பு நாள். செல்வி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். சிவநேசன் சார் எழுந்து நின்றார். பசியாறியாச்சா என்று கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றவில்லை.

அவர் மலாயில் வாசித்தார். ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தினார், நான் தமிழில் சொன்னேன். இதுதான் எனக்கு ஆறாதது. அந்தத் தீர்ப்பு செல்வியின் காதில் அவர் குரலில் விழவில்லை, என் குரலில் விழுந்தது. "உங்களுடைய முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன வாய் இது.

செல்வி என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"துவான், ஆ லியோங் கொண்டாந்த புஸ்தகத்தப் பத்தி ஒண்ணுமே வரலியே. நீங்களே ஒவ்வொரு பக்கமா பொரட்டிப் பாத்தீங்களே."

அவருக்குத் தமிழ் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார். நான் மலாயில் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல்.

அவர் மணி பார்த்தார். "முடிவு வாசிக்கப்பட்டுவிட்டது" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப அன்னைக்குப் பொரட்டிப் பாத்தது யாரு?" என்றாள் செல்வி.

அதையும் மலாயில் சொன்னேன். அவர் தாள்களை அடுக்கினார்.

வெளி வராந்தாவில் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, மோட்டார்க்காரனுங்க மேல ஏறக்கூடாதுன்னு நான் பஸ்ஸ வாய்க்கால்ல எறக்கினேன். இவங்க யார் மேல ஏறக்கூடாதுன்னு என்னைய எறக்குனாங்க?"

செயலாளர் எந்தத் தரப்புக்கும் யோசனை சொல்லக் கூடாது. அது விதி. நான் சொன்னேன்.

"உயர் நீதிமன்றத்துக்குப் போ. சட்ட உதவியில ஒரு வக்கீலப் புடி. பதிவு கேக்கும்போது முழுப் பதிவும் வேணும்னு எழுதிக் கேளு. முழுசும். புரியுதா? வரைவு உட்பட."

என்னை உற்றுப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பார்களே, அப்படி. "புரியுதுக்கா" என்றாள்.

வக்கீலின் கடிதம் வந்தது. பதிவைத் தொகுத்து, "இதுவே முழுமையான பதிவு" என்று சான்றளித்துக் கையெழுத்திட வேண்டியவள் செயலாளர். முழுமை என்றால் முழுமை. பச்சைக் கோப்பையும் வைத்துக் கட்டினேன். மோகன் படியேறி ஓடிவந்தான். அவன் மூச்சு வாங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா! பச்சைக் கோப்பு பதிவுல வராது. அது உள் விவகாரம்."

"சுற்றறிக்கையப் பாரு தம்பி. நான் எழுதுனதுதான். உள் விவகாரம்னு எங்கயும் இல்ல."

"சரி, பென்சில ஏன் அழிக்கல? அதுதான வழக்கம்?"

"அழிப்பான் தீந்து போச்சு."

உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கைக் காதால் கேட்டவரின் மனம்தான் முடிவு சொல்ல வேண்டும், வழக்கில் ஒரு தரப்பின் பென்சில் சொல்லக் கூடாது என்ற கருத்தில் நீதிபதி எழுதினார். வேறொரு தலைவர் முன்னால் மறுவிசாரணை. புதுத் தலைவர் ஓர் இளம்பெண். வரைவை எங்கும் அனுப்பவில்லை. செல்விக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது, ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் அவள் ஓட்டிய வழியில் வேறு ஆள். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்.

அந்தப் பரிந்துரைக் கடிதம் தீர்ப்பு வாசித்த மறுவாரமே கையெழுத்தாகிப் போய், சிவநேசன் சாருக்கு நீட்டிப்பு வந்திருந்தது. உயர் நீதிமன்ற முடிவுக்குப் பிறகு அவர் தவணை முடியும்வரை காத்திருக்கவில்லை. போகிற அன்று என் மேசைமுன் நின்றார். "நீ செஞ்சது சரி தேவி. ஒன்ன மன்னிக்கத்தான் எனக்குக் கொஞ்ச நாளாகும்." என்னை நானே மன்னிப்பதற்கும் நாளாகிக்கொண்டிருந்தது.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு மாற்றல். தாசேக் கெலுகோரில் ஒரு கிடங்கு. பழைய படிவங்களைக் கட்டிவைக்கிற இடம். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய், கரையான் தின்ற காகிதத்தோடு உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்து முடிந்ததும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள்: சிவநேசன் கோழை, மோகன் கயவன், அப்படித்தானே? இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். என் கோபம் அந்த இரண்டு ஆட்களைவிடப் பெரியது. பத்துப் பக்கம் முன்னால், பத்துப் பக்கம் பின்னால் விரல் வைத்துப் புரட்டிய மனிதரை, ஒரு கையெழுத்தில்லாத கடிதம் வளைத்துவிட்டது என்றால், அந்தக் கடிதம் ஏன் கீழ் மாடியில் இருந்தது? வழக்காடுகிறவனின் மேசையில் நீதிபதியின் பிழைப்பை வைத்துவிட்டு, நீதிபதி வீரனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? வீரர்களுக்காகக் கட்டடம் கட்டாதீர்கள். சாதாரண மனிதர்கள் பயப்படாமல் உட்காருகிற மாதிரி கட்டுங்கள். தலைவருக்கு ஒரே நீண்ட தவணை கொடுங்கள், நீட்டிப்பு என்ற தூண்டில் வேண்டாம். நியமிப்பது துறையாக இருக்க வேண்டாம். மன்றத்துக்குச் சொந்தக் கூரை, சொந்த எழுத்தர், சொந்தப் பூட்டு. வரைவு, எழுதியவரின் அறையைவிட்டு இறங்கவே கூடாது. மலாய் தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்! தப்பான மலாயில் சரியான நீதி போதும் எனக்கு.

இதைத்தான் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்வதாக இருந்தேன்.

கூட்டம் கடலோரத்து விடுதி ஒன்றில். செல்வியே தன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். "பள்ளிக்கூடம் விட ஒரு மணிக்கு மேல ஆகும்க்கா. இங்கயே நிக்கிறேன், நீங்க சொல்லிட்டு வாங்க."

உள்ளே குளிர். பூ, தண்ணீர்ப் புட்டி, குழுவினர் ஐந்து பேர். அவர்களுக்குப் பக்கத்தில், செயலகத்தின் சார்பில் குறிப்பெடுக்க ஒருவர். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? பாத்து எவ்வளவு நாளாச்சு!"

மோகன்தான். பதவி உயர்ந்து தலைநகரத்துக்குப் போய், இப்போது சீர்திருத்தத்தோடு திரும்பி வந்திருக்கிறான். என் கையில் ஆலோசனை அறிக்கையை, அதே முறுக்கு நீட்டுகிற கையால், நீட்டினான்.

புரட்டினேன். சுதந்திரம் என்ற சொல் முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது. புதுக் கட்டடம், புதுச் சின்னம், புதுக் கணினி. பிறகு கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஓர் உட்பிரிவு: முடிவுகளின் தரத்தை உறுதிசெய்யும் பொருட்டு, வரைவுகள் செயலகத்தின் சரிபார்ப்புக்கு அனுப்பப்படும், சரிபார்ப்புக் குறிப்புகள் இறுதிப் பதிவில் இடம்பெறாமல் நீக்கப்படும்.

ஒருவர் பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்வதுபோல் கண்டுகொண்டேன். என் வாக்கியம். புதுச் சேலை கட்டிக்கொண்டு நான் எழுதிய சுற்றறிக்கை. ஒரு நீதிமன்றம் குப்பை என்று சொல்லி எறிந்ததை எடுத்துத் துடைத்து, இந்த முறை சட்டமாகவே ஆக்கப்போகிறார்கள். அந்தக் காலத்தில் பென்சிலாவது இருந்தது. கணினியில் அழித்தால் துகள்கூட விழாது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதிவைத்திருந்த பேச்சை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

"இந்த உட்பிரிவ எழுதினது நான்" என்றேன். குழு நிமிர்ந்தது. "இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. மொழி சரிபாக்கத்தான் எழுதினேன். அது என்ன ஆச்சுன்னு ஒங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு நல்லாத் தெரியும். பதினாலு வருஷம் என் கையால அழிச்சேன். ஒரு பஸ் டிரைவரோட பொழப்பையும் அதுலதான் அழிச்சாங்க. அந்தம்மா வெளிய வேன்ல உக்காந்திருக்காங்க, வேணும்னா கூப்பிடுறேன். இத எடுங்க. மத்த எல்லாப் பக்கமும் நல்லா இருக்கலாம். இந்த ஒரு பக்கம் இருந்தா, மத்த பக்கம் எதுவும் இல்ல."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "பயனுள்ள கருத்து. குறித்துக்கொள்கிறோம், புவான்" என்றார். மோகன் தலையைக் குனிந்து எழுதினான். அடுத்த பேச்சாளரின் பெயர் கூப்பிடப்பட்டது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. செல்வி வேனின் படியில் உட்கார்ந்து ஐஸ் போட்ட மைலோ பானம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க. மோகன்தான் எழுதினான்."

செல்வி உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"எதாலக்கா எழுதுனான்? பேனாவா, பென்சிலா?"

நான் பார்க்கவில்லை. பதினாலு வருடம் பென்சிலை அழிப்பதே வேலையாக இருந்தவள், அதை மட்டும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பி உள்ளே நடந்தேன்.